ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருக்கிறதா? எம்.ஆர்.ஐ. கன அளவீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையின் எந்தப் பகுதியையும் எம்.ஆர்.ஐ. படத்தில் அளக்கலாம். ஆனால் மருத்துவமனைகளில் அதிகம் அளக்கப்படுவது ஹிப்போகேம்பஸ்தான். நினைவைப் பதிய வைக்கும் இந்தச் சிறு பகுதி, காதுக்கு நேர் உள்ளே, டெம்போரல் மடலின் உட்புறத்தில் இரு பக்கமும் உள்ளது. மருந்துக்கு அடங்காத வலிப்பிலும் அல்சைமர் நோயிலும் முதலில் பார்க்கப்படும் இடம் அது. கையில் கன அளவு அறிக்கையோடு நிற்கும் குடும்பத்தினரையும், அளவீட்டைக் கற்கத் தொடங்கும் டெக்னீஷியன்களையும் ரேடியாலஜி மாணவர்களையும் மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கன அளவீடு என்றால் எதை, எப்படி அளக்கிறார்கள்?

எம்.ஆர்.ஐ. படம் வோக்ஸல் எனப்படும் மிகச் சிறிய கனசதுரங்களால் ஆனது. அவற்றில் எவையெல்லாம் ஹிப்போகேம்பஸுக்குள் வருகின்றன என்று முதலில் குறிக்க வேண்டும். பிறகு அவற்றை எண்ணி, ஒரு வோக்ஸலின் கன அளவால் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். பக்கத்துக்கு 1 மி.மீ. உள்ள வோக்ஸலில் எடுத்த படத்தில் 3500 வோக்ஸல்கள் இருந்தால் 3.5 மி.லி. வளர்ந்தவர்களுக்கு ஒரு பக்க ஹிப்போகேம்பஸ் சுமார் 3 முதல் 4 மி.லி. இருக்கும். வலப்பக்கம் சற்றே பெரிதாக இருப்பது இயல்பு.

பெருக்கல் எளிது, எல்லை போடுவதுதான் கடினம். கணக்குக்காக ஹிப்போகேம்பஸை 40 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலம், 9 மி.மீ. உயரமுள்ள பெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3600 வோக்ஸல்கள். வெளி அடுக்கை மட்டும் உரித்தால் உள்ளே மிஞ்சுவது 38 × 8 × 7, அதாவது 2128. மீதி 1472 வோக்ஸல்கள், 40 சதவீதத்துக்கும் மேல், எல்லையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. உண்மையான ஹிப்போகேம்பஸ் வளைந்தும் மடிந்தும் இருப்பதால் அந்தப் பங்கு இன்னும் கூடும். எல்லையில் உள்ள வோக்ஸலில் பாதி திசு, பாதி திரவம் என்று கலந்திருக்கும். அதை உள்ளே சேர்ப்பதா வெளியே தள்ளுவதா என்ற முடிவே அறிக்கையில் வரும் எண்ணைத் தீர்மானிக்கிறது. இந்தப் பக்கத்தில் வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அனுபவமுள்ள மருத்துவர் கண்ணால் பார்த்தாலே தெரியாதா?

பெரும்பாலும் தெரியும். ஷெல்டன்ஸ் என்ற டச்சு நரம்பியல் மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும் 1992-இல் வெளியிட்ட 0 முதல் 4 வரையிலான மதிப்பெண் முறை (எண் கூடினால் தேய்வு கூடுதல்) இன்றும் பயன்படுகிறது. கோரோனல் படத்தில் (தலையை முகத்துக்கு இணையாக வெட்டிய தோற்றம்) மூன்றைப் பார்க்கிறார்கள்: ஹிப்போகேம்பஸை ஒட்டிய கோராய்டு பிளவின் அகலம், வென்ட்ரிக்கிள் எனப்படும் திரவ அறையின் டெம்போரல் கொம்பின் அகலம், ஹிப்போகேம்பஸின் உயரம். 75 வயதுக்குக் கீழே 2 அல்லது அதற்கு மேல் வந்தால் சந்தேகிக்க வேண்டும். 75-ஐத் தாண்டியவருக்கு 2 என்பது வயதின் இயல்பாகவே இருக்கலாம்.

கண் தடுமாறும் இடங்கள் இரண்டு. இரு பக்கமும் ஒரே அளவில் சுருங்கியிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பக்கம் இருக்காது. ஓராண்டில் ஏற்பட்ட சில சதவீத மாற்றமும் கண்ணுக்குப் பிடிபடாது. எண்ணின் உதவி அங்கேதான் பெரிது.

எப்படிப்பட்ட ஸ்கேன் எடுத்தால் அளக்க முடியும்?

வழக்கமான மூளை எம்.ஆர்.ஐ.யில் 5 மி.மீ. தடிமனுள்ள துண்டுகளும், துண்டுகளுக்கு இடையே 1 மி.மீ. அளவுக்கு இடைவெளியும் இருக்கும். 40 மி.மீ. நீள ஹிப்போகேம்பஸுக்கு அதில் ஏழு துண்டுகள்கூட முழுதாகக் கிடைக்காது. கட்டியையோ ரத்தக்கசிவையோ கண்டுபிடிக்க அது போதும், கன அளவுக்குப் போதாது.

தேவையானது முப்பரிமாண டி1 படம் (திரவம் கறுப்பாகவும் வெண்பொருள் வெளுப்பாகவும் தெரியும் வகை), மூன்று திசையிலும் 1 மி.மீ., இடைவெளி இல்லாமல். இதன் பெயர் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்: சீமென்ஸில் எம்.பி.ரேஜ், ஜி.இ.யில் பிராவோ, பிலிப்ஸில் 3டி டி.எஃப்.இ. டெக்னீஷியன்களுக்கு ஒரு குறிப்பு: 3 டெஸ்லா (காந்த வலிமை) சீமென்ஸ் இயந்திரத்தில் பரவலாகப் பயன்படும் அமைப்பு: டி.ஆர். 2300 மில்லி வினாடி, டி.ஐ. 900, டி.இ. சுமார் 3, ஃபிளிப் கோணம் 9 பாகை. நான்கு முதல் ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். 1.5 டெஸ்லாவிலும் எடுக்கலாம். அதனாலேயே அறிக்கை செல்லாததாகிவிடாது.

வலிப்பு நோயாளிக்கு இது மட்டும் போதாது. உலக வலிப்பு எதிர்ப்புச் சங்கத்தின் பணிக்குழு 2019-இல் வெளியிட்ட ஹார்னஸ் நெறிமுறை மூன்று வரிசைகளைக் கேட்கிறது: 1 மி.மீ. முப்பரிமாண டி1, 1 மி.மீ. முப்பரிமாண ஃபிளேர் (திரவத்தின் வெளுப்பை அடக்கிக் காட்டும் வரிசை), ஹிப்போகேம்பஸின் நீள அச்சுக்குச் செங்குத்தாக எடுத்த உயர் தெளிவு கோரோனல் டி2 (திரவம் வெளுத்துத் தெரியும் வகை). மூன்றாவது வரிசையை வழக்கமான நேர்க் கோரோனலாக எடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. சஜிட்டல் படத்தில் (பக்கவாட்டுத் தோற்றம்) ஹிப்போகேம்பஸின் சாய்வைப் பார்த்து, அதற்குச் செங்குத்தாகத் துண்டுகளை வைக்க வேண்டும்.

ஸ்கேன் அறையில் எதைக் கவனிக்க வேண்டும்?

தலை அசைவுதான் முதல் எதிரி. அசைந்த படத்தில் சாம்பல்நிறப் பொருள் (நரம்பணுக்கள் நிறைந்த திசு) உண்மையைவிட மெலிதாகத் தெரியும். படத்தில் கோடு கோடாக அலை விழுந்தால்தான் கெட்டது என்று நினைக்க வேண்டாம். கண்ணுக்குப் பிடிபடாத அசைவும் கன அளவைக் குறைத்துக் காட்டுகிறது என்று 2015-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நடுக்கம் உள்ளவர்களும் மறதி நோயாளிகளும் அதிகம் அசைவார்கள். அப்படியானால் அசைவினால் வந்த குறைவு நோயினால் வந்த குறைவைப் போலவே வேடம் போடும். எனவே டி1 வரிசையைத் தொடக்கத்திலேயே, நோயாளி களைப்படைவதற்கு முன் எடுத்துவிடுங்கள். தலையின் இருபுறமும் பஞ்சு அணை வையுங்கள். கெட்டுப்போனால் அந்த ஐந்து நிமிடத்தை மறுபடி செலவிடுங்கள்; மென்பொருள் பிறகு சரிசெய்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.

காடோலினியம் சாயம் ஏற்றுவதாக இருந்தால் டி1 வரிசை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சாயம் ஏறியபின் ரத்தக்குழாய்களும் மூளையுறையும் பளிச்சென்று மாற, மென்பொருள் அவற்றைச் சாம்பல்நிறப் பொருளோடு சேர்த்துவிடும். காந்தத்தின் மையத்திலிருந்து உள்ள தூரத்தால் ஏற்படும் வடிவத் திரிபைச் சரிசெய்யும் முப்பரிமாணத் திருத்தம் இயந்திரத்தில் இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

மூக்குத்தி, தோடு, ஹேர்பின், தாலிக்கொடி எல்லாம் கழற்றப்பட வேண்டும். சுத்தத் தங்கம் காந்தத்துக்கு இழுபடாது. ஆனால் திருகாணியும் கொக்கியும் எந்த உலோகம் என்று யாருக்கும் தெரியாது. பல் கட்டுக் கம்பி இருந்தால் முன் மூளையும் டெம்போரல் மடலின் முனையும் உருக்குலைந்து தெரியலாம். அந்தப் பகுதிகளின் எண்களை அறிக்கையில் சேர்க்காமல் விடுவதே நேர்மை.

எந்த மென்பொருள்கள் பயன்படுகின்றன?

ஆய்வுகளில் அதிகம் பார்ப்பது ஃப்ரீசர்ஃபர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சார்ந்த மார்ட்டினோஸ் மையத்தில் உருவானது, இலவசம். ஸ்கேன் சென்டர் தரும் டைகாம் (மூலப் பட வடிவம்) கோப்புகளைக் கொடுத்து ‘ரீகான்-ஆல்’ என்ற ஒரே கட்டளையை ஓட்டினால், சாதாரணக் கணினியில் பல மணி நேரம் எடுத்துக்கொண்டு, ‘ஏசெக்’ என்ற பட்டியலில் பகுதிவாரியாகக் கன அளவுகளைத் தரும். ஆக்ஸ்ஃபோர்டின் எஃப்.எஸ்.எல். தொகுப்பில் ஃபர்ஸ்ட், சியனா ஆகிய கருவிகள் உண்டு. லண்டனில் உருவான எஸ்.பி.எம்.மும் அதன்மேல் இயங்கும் கேட்12-உம் சாம்பல்நிறப் பொருளை வோக்ஸல் வோக்ஸலாக ஒப்பிடுகின்றன. செயற்கை நரம்பு வலையில் இயங்கும் ஃபாஸ்ட்சர்ஃபர், சின்த்செக் போன்றவை அதே வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கின்றன. சின்த்செக் டி1 அல்லாத படங்களையும் ஏற்கும். பழைய ஸ்கேன் மட்டுமே கையில் உள்ளபோது அதுதான் வழி.

ஃப்ரீசர்ஃபர் ஆய்வுக் கருவி, நோயாளிக்கான அறிக்கைக்கு அனுமதி பெற்றதல்ல. மருத்துவமனை அறிக்கைகளுக்கு நியூரோகுவான்ட், ஐகோபிரெய்ன் போன்ற அனுமதி பெற்ற வணிகக் கருவிகள் உள்ளன. நியூரோகுவான்ட் 2006-இலேயே அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் அனுமதியைப் பெற்றது.

ஒரு கருவியின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒருபோதும் ஒப்பிடாதீர்கள். கையால் வரைந்து அளப்பதைவிட ஃப்ரீசர்ஃபர் ஹிப்போகேம்பஸைப் பெரிதாகவே காட்டும். ஒரே கருவியின் இரு பதிப்புகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு: 2012-இல் வெளிவந்த ஒப்பீட்டில் ஃப்ரீசர்ஃபரின் பதிப்புகளுக்கிடையே கன அளவு சராசரியாக 8.8 சதவீதம் மாறியது. அல்சைமர் நோயாளிக்கு ஓராண்டில் ஏற்படும் தேய்வைவிட அது அதிகம். ஆய்வின் நடுவில் மென்பொருளைப் புதுப்பித்தால் எல்லாப் படங்களையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

தலை சிறியவருக்கு மூளையும் சிறிதாகத்தானே இருக்கும்?

ஆம். அதனால்தான் மண்டையோட்டின் உட்புற மொத்தக் கன அளவையும் சேர்த்து அளக்கிறார்கள். மூளை சுருங்கினாலும் மண்டையோடு சுருங்காது. ஒருவரின் மூளை இளமையில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்கு அது சாட்சி.

ஒரு கணக்கு (எண்கள் விளக்கத்துக்காக மட்டும்). 68 வயதுப் பெண்மணி. இட ஹிப்போகேம்பஸ் 2.6 மி.லி., மண்டையோட்டு உட்புறம் 1350 மி.லி. ஒப்பீட்டுக் குழுவில் அவர் வயதுப் பெண்களின் சராசரி 3.2 மி.லி., திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றிய பரவல்) 0.35, மண்டையோட்டுச் சராசரி 1450 மி.லி. திருத்தம் செய்யாவிட்டால் இசட் மதிப்பு, அதாவது சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது என்பது, (2.6 − 3.2) ÷ 0.35 = −1.71. ஏறத்தாழ 4-ஆவது பெர்சென்டைல் (நூறு பேரில் சுமார் நான்கு பேருக்கே இதைவிடக் குறைவு), அறிக்கையில் சிவப்பு நிறம்.

இப்போது திருத்துவோம். அந்தக் குழுவில் மண்டையோடு 1 மி.லி. கூடும்போது ஹிப்போகேம்பஸ் 0.0015 மி.லி. கூடுகிறது என்று வையுங்கள். இவருடைய தலை சராசரியைவிட 100 மி.லி. சிறியது. எனவே 0.15 மி.லி.யைக் கூட்ட வேண்டும். திருத்திய அளவு 2.75. இசட் −1.29, ஏறத்தாழ 10-ஆவது பெர்சென்டைல். அதே பெண்மணி, அதே ஸ்கேன், ஆனால் சிவப்பு இல்லை.

வெறுமனே வகுத்து விகிதமாக்கும் முறையும் உண்டு. ஹிப்போகேம்பஸ் தலையின் அளவோடு நேர்விகிதத்தில் வளர்வதில்லை என்பதால், பெரிய தலையுள்ளவருக்கு அது பொய்யான குறைவைக் காட்டும். மேலே காட்டிய சாய்வு முறையே நம்பத்தகுந்தது. எந்த முறையாயினும் மண்டையோட்டு அளவே தப்பாக இருந்தால் திருத்தம் புதிய பிழையைத்தான் சேர்க்கும், ஆகவே அதன் எல்லையையும் படத்தில் பார்த்துவிடுங்கள்.

அறிக்கையில் 3-ஆவது பெர்சென்டைல் என்று சிவப்பில் வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

நூறு நலமான மனிதரை வரிசையில் நிறுத்தினால் அவர்களிலும் மூன்று பேர் அந்த இடத்தில் இருப்பார்கள் என்பதுதான் அதன் பொருள். நோய் என்று அது சொல்லவில்லை.

எத்தனை பகுதிகள் அளக்கப்பட்டன என்றும் பாருங்கள். 40 பகுதிகளை அளந்து, 5-ஆவது பெர்சென்டைலுக்குக் கீழே உள்ளதையெல்லாம் சிவப்பாக்கினால், முழு ஆரோக்கியமானவருக்கும் சராசரியாக இரண்டு சிவப்பு விழும். தனியாக ஓர் இடத்தில் விழுந்த சிவப்பைவிட, அறிகுறியோடு பொருந்தும் இடத்தில் விழுந்த சிவப்பே கவனத்துக்கு உரியது. மறதி அதிகரித்து வருபவருக்கு இரு ஹிப்போகேம்பஸும் சிறுத்து, டெம்போரல் கொம்புகள் விரிந்திருந்தால் அது பேசும். தலைவலிக்காக எடுத்த ஸ்கேனில் ஏதோ ஒரு மடிப்பு 3-ஆவது பெர்சென்டைலில் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பொருள் இல்லை.

ஒப்பீட்டுக் குழுவில் நம்மவர்கள் இருக்கிறார்களா?

கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. பல மென்பொருள்களின் ஒப்பீட்டுத் தரவு ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்தவர்களுடையது. 2022-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த வாழ்நாள் மூளை வரைபடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் 1,23,984 ஸ்கேன்களைத் திரட்டியது. அதிலும் ஐரோப்பிய, வட அமெரிக்கத் தரவே மேலோங்கியிருந்தது. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 100 இளம் வயதினரைக் கொண்டு உருவாக்கிய இந்திய மூளை வரைபடம், பொதுவாகப் பயன்படும் மான்ட்ரியல் மாதிரியைவிட இந்திய மூளை சராசரியாகச் சிறியது என்று காட்டியது. அது இளையோருடைய தரவு, 70 வயதுக்காரருக்கு உதவாது.

மண்டையோட்டு அளவைக் கொண்டு திருத்துவது இந்தப் பிரச்சினையைப் பாதி தீர்க்கும். கல்வி, ஊட்டச்சத்து, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்றவற்றின் வேறுபாடுகள் அப்படியே தங்கிவிடும். முடிந்த மையங்கள் தங்கள் இயந்திரத்திலேயே, தங்கள் பகுதி மக்களில் நலமானவர்களை வயதுவாரியாக ஸ்கேன் செய்து சொந்தக் குழுவை உருவாக்குவதே சிறந்தது. அதுவரை இடதையும் வலதையும் ஒப்பிடுவது, அதே நபரின் முந்தைய ஸ்கேனோடு ஒப்பிடுவது ஆகிய இரண்டும் வெளிநாட்டுச் சராசரியைவிட உறுதியானவை.

வலிப்பு நோயில் இந்த அளவீடு எப்படி உதவுகிறது?

மருந்துக்கு அடங்காத டெம்போரல் மடல் வலிப்பில் பெரியவர்களிடம் பரவலாகக் காணப்படும் காரணம் ஹிப்போகேம்பல் ஸ்கிளிரோசிஸ்: நரம்பணுக்கள் அழிந்து அந்த இடம் தழும்புபோல இறுகிச் சுருங்குவது. ஒரு பக்கம் மட்டும் பாதித்திருந்து, மூளையின் மின்னலைப் பதிவான இ.இ.ஜி.யும் வலிப்பின் வடிவமும் அதே பக்கத்தைக் காட்டினால் அறுவை சிகிச்சை நல்ல பலன் தரக்கூடும்.

இங்கே இட-வல வேறுபாட்டுக் குறியீடு பயன்படுகிறது: இரு பக்க வித்தியாசத்தை இரு பக்கச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். வலம் 3.6, இடம் 2.4 என்றால் வித்தியாசம் 1.2, சராசரி 3.0, குறியீடு 40 சதவீதம். எந்த அளவுக்கு மேல் இயல்பற்றது என்பதை அந்தந்த மையம் தன் நலமானவர்களின் குழுவிலிருந்து, பொதுவாக இரண்டு திட்ட விலக்கங்களைக் கொண்டு, தீர்மானிக்கிறது.

இதற்கு இரு பொறிகள். இரு பக்கமும் சுருங்கியிருந்தால் குறியீடு பூஜ்யத்துக்கு அருகே வந்து ‘இயல்பு’ என்று காட்டும். தனித்தனிக் கன அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். இரண்டாவது, கன அளவு குறையாமலே ஸ்கிளிரோசிஸ் இருக்கலாம். ஃபிளேர், டி2 படங்களில் ஹிப்போகேம்பஸ் வெளுத்துத் தெரிகிறதா, உள் அடுக்கமைப்பு அழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் கன அளவை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

இந்தியாவில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நாடாப்புழுவின் இளம் பருவம் மூளையில் தங்கி உருவாகும் நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் இங்கே வலிப்புக்கு முக்கியக் காரணம். அதன் சுண்ணாம்பேறிய தழும்பும், ஹிப்போகேம்பல் ஸ்கிளிரோசிஸும் ஒரே நோயாளியிடம் சேர்ந்து காணப்படுவதுண்டு. சுண்ணாம்புப் புள்ளி டி1-இல் தெரியாமல் போகலாம், சி.டி. ஸ்கேனோ, எம்.ஆர்.ஐ.யில் சுண்ணாம்பைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. வரிசையோ வேண்டும். வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்பதை அப்போது இ.இ.ஜி. வீடியோ கண்காணிப்பு சொல்ல வேண்டும்.

ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருந்தால் அல்சைமர் என்று உறுதியாகுமா?

ஆகாது. அல்சைமர் நோயில் ஹிப்போகேம்பஸ் ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 5 சதவீதம் தேய்கிறது. அதே வயதில் நலமானவர்களுக்கு 1 முதல் 1.5 சதவீதம். ஆனால் முதுமையில் வரும் வேறு மூளை நோய்களும், ரத்தக்குழாய் அடைப்பால் வரும் மறதி நோயும், முன்-டெம்போரல் மடல் நோய்களும் அதையே சுருக்குகின்றன. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு, டாவ் புரதங்களைக் காட்டும் பரிசோதனைகள்தான் காரணத்தைச் சொல்லும், எம்.ஆர்.ஐ. சேதத்தை மட்டும் சொல்கிறது. 2018-ஆம் ஆண்டு ஆய்வு வரையறையிலும் எம்.ஆர்.ஐ. தேய்வு ‘நரம்புச் சிதைவு’ என்ற தனிப் பிரிவில்தான் வைக்கப்பட்டது.

தேய்வு எங்கே பரவியிருக்கிறது என்பது கூடுதல் துப்பு. இட டெம்போரல் மடலின் முனை மட்டும் கடுமையாகச் சுருங்கிச் சொற்களின் பொருள் மறந்தால் செமான்டிக் டிமென்ஷியா. மூளையின் ஆழத்தில் உள்ள காடேட் என்ற பகுதி சுருங்கினால் ஹன்டிங்டன் நோய். நடுமூளை சுருங்கினால் பி.எஸ்.பி. (புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி). வென்ட்ரிக்கிள்கள் மட்டும் பெருத்து, ஈவன்ஸ் விகிதம் (முன்கொம்புகளின் அகலத்தை மண்டையோட்டின் உட்புற அகலத்தால் வகுத்தது) 0.3-ஐத் தாண்டி, நடை தடுமாறி, சிறுநீர் அடக்க முடியாமல் போனால் மூளைத் திரவம் தேங்கும் நார்மல் பிரஷர் ஹைட்ரோசெபாலஸைத் தேட வேண்டும். ஷன்ட் (திரவத்தை வடிக்கும் குழாய்) வைத்தால் தேறக்கூடிய நோய் அது. ‘வயதான மூளை’ என்று கடந்து போய்விடக் கூடாது.

மனச்சோர்வையும் மனச்சிதைவையும் இதில் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. பல நாடுகளின் தரவைத் திரட்டிய எனிக்மா கூட்டமைப்பின் 2016 ஆய்வுகளில் மனச்சிதைவில் ஹிப்போகேம்பஸ் வேறுபாடு 0.46 திட்ட விலக்கம், பெரும் மனச்சோர்வில் 0.14. முதலாவதில் நோயாளிகளும் நலமானவர்களும் சுமார் 82 சதவீதம் ஒன்றோடொன்று மேற்பொருந்துகிறார்கள், இரண்டாவதில் சுமார் 94 சதவீதம். குழுக்களுக்கிடையே உண்மையான வேறுபாடுதான், ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அப்படிச் சொல்வதாக விளம்பரம் செய்யும் இடத்தில் பணத்தைச் செலவிடாதீர்கள்.

மென்பொருள் எங்கெல்லாம் தவறுகிறது? எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்களைத் திறப்பதற்கு முன் படத்தைத் திறங்கள். இந்த ஒரு பழக்கம் பாதிப் பிழைகளைப் பிடித்துவிடும். டி1 படத்தின்மேல் மென்பொருள் போட்ட வண்ணப் பகுதிகளை விரித்து, கோரோனல் துண்டுகளை முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். பிறகு சஜிட்டலில் ஒருமுறை. பழகிய கைக்கு ஒரு மூளைக்குப் பத்து நிமிடம் போதும்.

முன்முனையில், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவும் ஹிப்போகேம்பஸின் தலையும் ஒட்டிக் கிடக்கின்றன. இரண்டும் ஒரே சாம்பல் நிறம். நடுவே அல்வியஸ் என்ற மெல்லிய வெண்பொருள் இழையும், டெம்போரல் கொம்பின் நுனியும்தான் அடையாளம். கோரோனலில் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள், சஜிட்டலில்தான் இந்த எல்லை தெளிவாகும். அமிக்டலா வழக்கத்தைவிடப் பெரிதாகவும் ஹிப்போகேம்பஸ் சிறிதாகவும் சேர்ந்து வந்தால் முதலில் இந்த எல்லையைச் சந்தேகியுங்கள்.

கடுமையாகச் சுருங்கிய மூளையில் டெம்போரல் கொம்பு பெருத்திருக்கும். அதற்குள் மிதக்கும் கோராய்டு பின்னலை (மூளைத் திரவத்தைச் சுரக்கும் திசு) மென்பொருள் ஹிப்போகேம்பஸ் என்று எண்ணிவிடும். விளைவு: நோய் முற்றியவருக்குச் சற்று ‘நல்ல’ எண். எதிர்த்திசையில், உள்ளே உள்ள சிறு திரவப்பைகளைத் திசுவோடு சேர்த்துவிடுவதும் உண்டு.

ஹிப்போகேம்பஸ் முழுதாக உள்நோக்கிச் சுருளாமல், உருண்டையாகவும் நிமிர்ந்தும் நிற்கும் அமைப்பு சிலரிடம் பிறவியிலேயே இருக்கும், பெரும்பாலும் இடப்பக்கம். வழக்கமான வடிவத்தை எதிர்பார்க்கும் மென்பொருள் இங்கே ஒரு பகுதியை வெட்டிவிட்டு, ‘இடப்பக்கம் சிறுத்துள்ளது’ என்று அறிவிக்கும். வலிப்பு நோயாளியிடம் இது நேர்ந்தால் தவறான பக்கத்தை நோக்கி விரல் நீளும்.

இவை தவிர: மண்டையோட்டை நீக்கும்போது மூளையுறை ஒட்டிக்கொண்டு புறணி தடிமனாகத் தெரிவது, முதியவர்களின் வெண்பொருள் மாற்றங்கள் டி1-இல் கறுத்துத் தெரிவதால் சாம்பல்நிறப் பொருளாக எண்ணப்படுவது, படத்தின் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருப்பது. கடைசியாகச் சொன்னதற்கு என்4 என்ற வெளிச்சத் திருத்தம் உதவும். பக்கவாதத் தழும்பு, கட்டி, பழைய அறுவை சிகிச்சை உள்ள மூளைகளில் தானியங்கி எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

நூற்றுக்கணக்கான மூளைகள் இருந்தால் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்க நேரம் இருக்காது. மென்பொருள் அமைத்த மூளைப் பரப்பில் உள்ள ஓட்டைகளைக் காட்டும், ஃப்ரீசர்ஃபர் தரும் ஆய்லர் எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்துங்கள். ஓட்டையில்லாத பரப்புக்கு அது 2. எதிர்மறையாக எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு மோசமான படம். கடைசியில் நிற்பவற்றை முதலில் பாருங்கள்.

கையால் வரைந்து அளப்பது இன்னும் சிறந்ததா?

நன்கு பழகிய ஒருவர் நெறிமுறைப்படி வரைந்தால், ஆம். ஆனால் மையத்துக்கு மையம் எல்லை விதி மாறியதால் எண்களும் மாறின. அதைச் சரிசெய்யவே ஹார்ப் என்ற பொது நெறிமுறை பன்னாட்டு முயற்சியில் உருவாகி 2015-இல் வெளியானது. ஒரே படத்தை ஒரு வாரம் கழித்து மறுபடி வரைந்து, இரண்டும் எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்க்காதவர் கையளவீட்டை உரைகல்லாகக் காட்டக் கூடாது.

ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தால் மாற்றம் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது, ஏனென்று கணக்கே சொல்லும். ஒவ்வோர் அளவீட்டிலும் 1.5 சதவீதப் பிழை இருப்பதாக வைத்தால், இரண்டின் வித்தியாசத்தில் பிழை 1.5 × √2, சுமார் 2.1 சதவீதம். 95 சதவீத உறுதி வேண்டுமானால் மாற்றம் 4.2 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். ஆறு மாதத்தில் அல்சைமர் நோயாளிக்கே 2 முதல் 2.5 சதவீதம்தான் குறையும். ஓராண்டு இடைவெளி விடுங்கள்.

அதே இயந்திரம், அதே காயில் (தலையைச் சுற்றி வைக்கும் சிக்னல் வாங்கி), அதே அமைப்பு, அதே மென்பொருள் பதிப்பு. இவற்றில் ஒன்று மாறினாலும் மாற்றம் நோயினுடையதா கருவியினுடையதா என்று பிரிக்க முடியாது. இரு ஸ்கேன்களையும் தனித்தனியாக ஓட்டிக் கழிப்பதும் தவறு. ஃப்ரீசர்ஃபரில் இதற்கென உள்ள முறையில் அந்த நபரின் எல்லா ஸ்கேன்களையும் சேர்த்து நடுநிலையான ஓர் அடிப்படை உருவை முதலில் அமைத்து, அதிலிருந்து ஒவ்வொன்றையும் அளக்கிறார்கள். எஃப்.எஸ்.எல்.-இன் சியனா இரு படங்களையும் பொருத்தி, மூளையின் விளிம்பு நகர்ந்த தூரத்தை நேரடியாக அளக்கிறது.

நோய் இல்லாமலும் கன அளவு மாறுமா?

மாறும். உடலில் நீர் குறைந்தால் மூளையின் கன அளவும் சற்றுக் குறையும். காலையில் எடுத்ததைவிட மாலையில் எடுத்தது சற்றுச் சிறிதாக வரக்கூடும். நீண்டகால மதுப்பழக்கம், அதிக அளவு ஸ்டீராய்டு, கடும் பட்டினி ஆகியவை மூளையைச் சுருக்கும். நிறுத்தினால் ஓரளவு மீளும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் வீக்கத்தைக் குறைக்கும் மருந்து தொடங்கியபின் முதல் ஆண்டில் மூளை சுருங்குவதுபோலத் தெரிவது வீக்கம் வடிவதால்தான். அமிலாய்டை நீக்கும் புதிய மருந்துகளிலும் மொத்த மூளைக் கன அளவு மருந்து பெறாதவர்களைவிடக் கூடுதலாகக் குறைவது தெரிந்திருக்கிறது. ஆகவே மறு ஸ்கேனுக்கு வழக்கம்போலத் தண்ணீர் குடித்து, முன்பு போன அதே நேரத்தில் போங்கள். மருந்துப் பட்டியலைக் கொண்டு செல்லுங்கள்.

குழந்தைகளுக்கு?

பெரியவர்களுக்கான மென்பொருளை இரண்டு வயதுக்குக் கீழே பயன்படுத்தக் கூடாது. நரம்பிழைகளைப் போர்த்தும் மையலின் முற்றாததால் சுமார் ஆறு மாத வயதில் சாம்பல்நிறப் பொருளும் வெண்பொருளும் டி1-இல் ஏறக்குறைய ஒரே நிறமாகிவிடும். குழந்தைகளுக்கெனத் தனிக் கருவிகளும், மாதவாரியான ஒப்பீட்டுத் தரவும் வேண்டும்.

சி.டி. ஸ்கேன் மட்டும்தான் இருக்கிறது. போதுமா?

வென்ட்ரிக்கிளின் அளவுக்கும் ஈவன்ஸ் விகிதத்துக்கும் போதும். ஹிப்போகேம்பஸின் கன அளவுக்குப் போதாது.

இடது வலது மாறிப்போக வாய்ப்புண்டா?

உண்டு, அறுவை சிகிச்சையை நோக்கிப் போகும் நோயாளிக்கு இதைவிட ஆபத்தான பிழை இல்லை. மருத்துவமனைத் திரையில் நோயாளியின் இடப்பக்கம் உங்கள் வலப்பக்கம் தெரியும். சில ஆய்வு மென்பொருள்கள் நேர்மாறாகக் காட்டுகின்றன. டைகாம் கோப்பை ஆய்வு மென்பொருள்கள் பயன்படுத்தும் நிஃப்டி வடிவத்துக்கு மாற்றும்போதும் திசைக் குறிப்பு தவறலாம். ஆய்வு மையங்களில் வலப் பொட்டில் ஒரு வைட்டமின் இ மாத்திரையை ஒட்டிவிட்டு ஸ்கேன் செய்கிறார்கள். அதன் எண்ணெய் டி1-இல் பளிச்சென்று தெரிந்து வலப்பக்கத்தைச் சொல்லிவிடும். அது இல்லாதபோது, தெளிவான ஓர் அடையாளத்தை, உதாரணமாக ஒரு பக்க சைனஸ் வேறுபாட்டை, மூலப் படத்திலும் மென்பொருளிலும் ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்க எதை எடுத்துச் செல்வது?

ஃபிலிமும் அச்சிட்ட அறிக்கையும் போதாது. ஸ்கேன் சென்டரில் எல்லா வரிசைகளும் அடங்கிய டைகாம் குறுந்தகட்டையோ பென் டிரைவையோ கேட்டு வாங்குங்கள். 1 மி.மீ. முப்பரிமாண டி1 வரிசை அதில் இருக்கிறதா என்று அங்கேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். சில இடங்களில் சுருக்கிய படங்களை மட்டும் பதிந்து தருவார்கள். பழைய ஸ்கேன் எவ்வளவு மோசமானதாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

இணையத்தில் பதிவேற்றும் முன் கோப்பின் தலைப்பில் உள்ள பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் ஆகியவற்றை நீக்குங்கள். அது மட்டும் போதாது: முப்பரிமாண டி1 படத்திலிருந்து முகத்தை அப்படியே மீட்டு உருவாக்க முடியும். முகப் பகுதியை அழிக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓட்டியபின் முன் மூளை வெட்டுப்படவில்லையா என்று சஜிட்டலில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.